காலையில் ஹீட்டர் போட்டால் மெயின் விழுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

இலங்கை மலைநாட்டில், ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் பனிக்காலம் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கோல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "அண்ணே, ட்ரிப் சுவிச் பழுதாகிட்டு, புதுசு ஒன்னு கொண்டாந்து மாட்டிருங்க." போய்ப் பார்த்தால் ட்ரிப் சுவிச் கல்லுமாதிரி நன்றாக இருக்கும். வயரிங் செய்த காலத்தில் அந்த வீட்டில் ஐந்தாறு பல்ப், ஒரு ரேடியோ, ஒரு அயன். இன்றைக்கு ஷவர் ஹீட்டர், கேத்தல், ரைஸ் குக்கர், மைக்ரோவேவ், வாஷிங் மெஷின் எல்லாம் வந்தாகிவிட்டது, ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டல்தான் உச்ச மின்தேவை. அதைப் போடாமல் பிரேக்கரை மாற்றுவது, காய்ச்சல் வந்தால் தெர்மோமீட்டரை மாற்றுகிற கதை.

கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒரு எல்லை மட்டும் முதலிலேயே: ஸ்க்ரூ கழற்றாமல் பார்க்கக் கூடியதுவரைதான் உங்கள் வேலை. டி.பி. பெட்டியின், அதாவது வீட்டுக்குள் பிரேக்கர்கள் வரிசையாக இருக்கும் பெட்டியின், மூடியைக் கழற்றுவதும் மீட்டர் சீலில் கை வைப்பதும் கிடையாது.

## முதலில்: விழுந்தது எது?

இது தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், மூன்றில் ஒன்று கீழே இறங்கியிருக்கும்.

மீட்டருக்குப் பக்கத்தில் இருப்பது மின்சார சபை வைத்த பிரேக்கர், 'மெயின்' என்று நான் சொல்வது இதைத்தான். உங்களுக்கு எவ்வளவு இணைப்புத் தந்திருக்கிறார்களோ அதுதான் அதன் அளவு. சாதாரண வீடுகளுக்குப் பெரும்பாலும் சிங்கிள் பேஸ், அதாவது ஒரே கரண்ட் வயரில் வரும் 30 ஆம்பியர், சில சின்ன வீடுகளுக்கு 15. 30 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 6,900 வாட். உங்கள் வீட்டின் மொத்தக் கொள்ளளவே அவ்வளவுதான்.

வீட்டுக்குள் டி.பி. பெட்டியில் 'டி' என்று ஒரு சின்ன பட்டனோடு அகலமாக இருப்பது ட்ரிப் சுவிச். இது கரண்ட் எங்கேயாவது கசிகிறதா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லிஆம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும். அதன்மேல் 40 என்றோ 63 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு "40 ஆம்பியர்வரை ஓடலாம், தாண்டினால் இது விழும்" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது அந்தச் சுவிச் தாங்கக் கூடிய அளவு. 50 ஆம்பியர் ஓடினாலும் அது பாட்டுக்கு நிற்கும், கருகினாலும் விழாது.

அதற்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்னப் பிரேக்கர்கள் லைட்டுக்கு, பிளக்குக்கு, ஹீட்டருக்கு என்று தனித்தனி லைன்களுக்கானவை.

மீட்டர் பிரேக்கரோ சின்னப் பிரேக்கரோ விழுந்தால் சுமை அல்லது ஷோர்ட், அதாவது வயரோடு வயர் முட்டுவது. ட்ரிப் சுவிச் விழுந்தால் கசிவு. பாதிப் பிரச்சினை இந்த இடத்திலேயே பிரிந்துவிடும்.

## அறிகுறி 1: பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு மெயின் விழுகிறது, முக்கியமாகக் காலையில்

நம் பக்கத்து வியாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடையாளம்: சுவிச் போட்ட உடனே விழாது. இரண்டாவது ஆளோ மூன்றாவது ஆளோ குளித்துக்கொண்டிருக்கும்போது, தலையில் ஷாம்பு இருக்கும்போது விழும். உடனே தூக்கினால் சில நேரம் நிற்காது, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டுத் தூக்கினால் நிற்கும். இப்படியென்றால் அது சுமைதான், வேறு எதையும் தேடாதீர்கள்.

ஏன் உடனே விழாமல் ஆறுதலாக விழுகிறது என்றால் பிரேக்கரின் குணம் அப்படி. தன் அளவைப்போல் 1.13 மடங்கு ஓடினால் அது ஒரு மணித்தியாலம்வரை விழக்கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். 30 ஆம்பியர் பிரேக்கருக்கு அது 34, 43.5. இந்த இரண்டுக்கும் இடையில் ஓடினால் விழலாம், விழாமலும் போகலாம். "நேத்து விழல, இன்னைக்கு விழுது" என்ற குழப்பத்துக்கு இதுதான் காரணம். போதாததற்கு இந்த அளவு 30 பாகைச் சூட்டுக்குச் சொன்னது, நம் காலைக் குளிரில் பிரேக்கர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும்.

### கூட்டிப் பாருங்கள்

ஒரு கொப்பியை எடுங்கள். எந்த நேரத்தில் விழுகிறதோ அந்த அரை மணித்தியாலத்தில் என்னென்ன ஓடுகிறது என்று மட்டும் எழுதுங்கள். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் எழுதினால் பயந்துவிடுவீர்கள், அது வேறு கணக்கு. வாட் எவ்வளவு என்பது ஒவ்வொரு சாமானின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும்.

கொட்டகலைப் பக்கம் ஓர் ஆசிரியர் வீடு. காலை 5.45. ஷவர் ஹீட்டர் 4,500 வாட், கேத்தல் 2,000, ரைஸ் குக்கர் 700, பிள்ளைகளின் யூனிபோம் தேய்க்கும் அயன் 1,000, பிரிட்ஜ் 150, லைட்டும் சில்லறைகளும் 150. கூட்டினால் 8,500 வாட். 230ஆல் வகுத்தால் 37 ஆம்பியர். சரி, 30 ஆம்பியர் இணைப்புக்கு இது கூடத்தான், ஆனால் கேத்தல் ஐந்து நிமிடத்தில் தன்பாட்டில் நின்றுவிடும், அயனும் குக்கரும் விட்டு விட்டுத்தான் இழுக்கும். இதற்குத் தினமும் விழ நியாயமில்லை. ஆனால் ஜனவரியில் தினமும் விழுந்தது, மார்ச்சில் விழவில்லை, திரும்ப அடுத்த ஜனவரியில் விழுந்தது. இதற்குள் அவர் இரண்டு தடவை ட்ரிப் சுவிச்சை மாற்றிவிட்டார்.

நான் போன அன்று டீச்சரம்மாவிடம் லிஸ்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது உள்காம்பராக் கதவு திறந்தது, வெதுவெது என்று ஒரு சூடு முகத்தில் அடித்தது. அப்பாயி படுத்திருக்கும் காம்பரா. கட்டிலுக்கு அடியில் 2,000 வாட் எண்ணெய் ஹீட்டர், போர்வையின் ஓரம் அதன்மேல் தொங்குகிறது. ராத்திரி முழுக்க ஓடுகிறது. அது "அப்பாயி சாமான்", அதனால் ஒருவருடைய கணக்கிலும் வரவில்லை. பனி விழும் நாட்களில் அது நிற்காமல் இழுக்கும், குளிர் குறைந்த நாட்களில் தானாக நின்று நின்று ஓடும். 8,500 உடன் 2,000 சேர்ந்தால் 10,500 வாட், 45.7 ஆம்பியர். 30இன் ஒன்றரை மடங்கு. விழாமல் என்ன செய்யும்?

### மீட்டரை வைத்துச் சரிபார்ப்பது

வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு லைட் மின்னிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்று 1000, 1600, 3200 இப்படி ஒரு எண் அச்சிட்டிருக்கும். காலையில் எல்லாம் ஓடும்போது போனில் 30 விநாடி வீடியோ எடுங்கள், வேகத்தைக் குறைத்து ஓட்டி எத்தனை தடவை மின்னியது என்று எண்ணுங்கள். அதை 120ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் அந்த நேரத்துச் சுமை கிலோவாட்டில் வரும். 1600 மீட்டரில் 113 தடவை மின்னினால் 8.5 கிலோவாட். கொப்பிக் கணக்கும் இதுவும் கிட்டத்தட்ட ஒத்துவர வேண்டும். மீட்டர் நிறையக் கூடுதலாகக் காட்டினால் நீங்கள் எழுத மறந்த சாமான் ஒன்று எங்கேயோ ஓடுகிறது. ஒவ்வொரு காம்பராவாகப் போய்ப் பாருங்கள், குசினிப் பின்பக்கமும் சேர்த்து.

### செலவில்லாததில் இருந்து செலவானதுவரை

நேரத்தைப் பிரிப்பது. அந்த ஆசிரியர் வீட்டில் யூனிபோமை இரவே தேய்க்கச் சொன்னேன், அப்பாயி ஹீட்டரை ஐந்தரைக்கு நிறுத்தி எல்லோரும் குளித்த பிறகு திரும்பப் போடச் சொன்னேன், போர்வையையும் தள்ளி வைக்கச் சொன்னேன். மிஞ்சியது 7,500 வாட், 32.6 ஆம்பியர். 34க்குக் கீழே. விழுவது நின்றது. என் கூலி மட்டும்தான் செலவு, அதுவும் ஒரு டீயோடு முடிந்தது.

சாமானை மாற்றுவது. உடனடியாகச் சுடவைக்கும் ஷவர் ஹீட்டர் ஓடுகிற நேரம் முழுக்க 3,500இலிருந்து 5,500 வாட்வரை இழுக்கும். தொட்டி வைத்த கீசர் 1,500, 2,000 வாட்டில் கிடைக்கிறது, ஆறுதலாகச் சுடவைக்கும், ஆனால் உச்சத்தைப் பாதியாக்கிவிடும். நாலு பேர் அடுத்தடுத்துக் குளிக்கிற வீட்டுக்கு என் தெரிவு எப்போதும் கீசர்தான், ஷவர் ஹீட்டர் கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும்.

இரண்டு பாத்ரூம், இரண்டு ஷவர் ஹீட்டர் என்றால், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மட்டும் கரண்ட் போகிற மாதிரி ஒரு மாற்றுச் சுவிச் போடலாம். 4,500இல் இரண்டு என்றால் அவையே 39 ஆம்பியர், வேறு ஒன்றும் தேவையில்லை.

கடைசியாக மூன்று பேஸ் இணைப்பு, அதாவது மூன்று கரண்ட் வயரில் வருவது. அதைப்பற்றி அறிகுறி 6இல்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

கணக்குப் போட்டால் 25 ஆம்பியர்கூட வரவில்லை, ஆனாலும் மீட்டர் பிரேக்கர் விழுகிறது என்றால் பிரேக்கர் தளர்ந்திருக்கலாம், இல்லாவிட்டால் அதன் முனையில் வயர் லூசாகிச் சூடேறியிருக்கலாம். அது சீல் வைத்த இடம், மின்சார சபைக்கு 1987இல் சொல்லுங்கள். நானே தொடமாட்டேன்.

## அறிகுறி 2: சுவிச் போட்ட அதே நொடி "டப்"

இது கூட்டல் கணக்கு இல்லை. சுமை கூடி விழுவதற்கு நேரம் எடுக்கும், உடனே விழுகிறது என்றால் எங்கேயோ ஷோர்ட்.

எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள், சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பிரேக்கரைத் தூக்குங்கள்.

→ நிற்கிறதா? ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுதான். பெரும்பாலும் கேத்தலின் அடித்தட்டு அல்லது எலி கடித்த பிரிட்ஜ் வயர்.

→ ஒன்றும் சொருகாமலே விழுகிறதா? சுவருக்குள் பிரச்சினை. அந்த ஒரு பிரேக்கரை இறக்கிவைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்க வேண்டாம்.

→ தண்ணீர் மோட்டர் போடும்போது மட்டும், அதுவும் எப்போதாவது விழுகிறதா? மோட்டர் கிளம்பும்போது சில மடங்கு கரண்டை ஒரு நொடிக்கு இழுக்கும். 'பி' வகைப் பிரேக்கர் தன் அளவின் 3இலிருந்து 5 மடங்குக்குள் உடனே விழும், 'சி' வகை 5 மடங்குவரை பொறுக்கும், 5இலிருந்து 10 மடங்குக்குள்தான் உடனே விழும். மோட்டர் லைனுக்கு 'சி' போட்டால் தீரும், ஆனால் ஆம்பியர் அளவு அதேதான் இருக்க வேண்டும். மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் அது பிரேக்கர் பிரச்சினையே இல்லை, மோட்டர்க்காரரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: மழை பெய்தால் ட்ரிப் சுவிச் விழுகிறது

கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கம் மே தொடங்கினால் இதுதான் பாட்டு. உச்ச மின்தேவைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் எல்லோரும் "லோட் கூடிட்டு" என்றே சொல்வதால் எழுதுகிறேன். ஈரம் ஏறின இடத்தில் கசிவு. வெளி லைட், இஸ்தோப்பில் இருக்கும் பிளக், தகரத்துக்கு அடியில் போகும் பழைய வயர், பாத்ரூம் ஹீட்டரின் உள்ளே உள்ள சுருள், இந்த வரிசையில் பாருங்கள். எல்லாச் சின்னப் பிரேக்கரையும் இறக்கி, ட்ரிப் சுவிச்சைத் தூக்கி, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனை இறக்கியே வைத்துவிட்டு மற்றதைப் பாவியுங்கள். எல்லாவற்றையும் இறக்கியும் நிற்கவில்லை என்றால் ஆள் வர வேண்டும்.

ஹீட்டர் போடும்போது மட்டும் ட்ரிப் சுவிச் விழுந்தால் அந்த ஹீட்டரைத் தொடவே வேண்டாம். குளிக்கிற தண்ணீரில் கரண்ட் வரப்போகிறது என்று அது சொல்கிறது. ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்து "சரி பண்ணித்தரும்" ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

## அறிகுறி 4: லைட் மங்குது, ஹீட்டர் தண்ணீர் சுடவில்லை

→ உங்கள் வீட்டில் மட்டும், ஹீட்டர் போடும்போது மட்டும்.

மலைநாட்டு வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். போஸ்டும் மீட்டரும் மேலே ரோட்டோரம், வீடு கீழே சரிவில். நடுவில் 60 மீட்டர் வயர். எந்த வயர் போட்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 7/0.85 வயர், அதாவது 4 சதுர மில்லிமீட்டர், மீட்டருக்கு ஆம்பியருக்கு 11 மில்லிவோல்ட் வீதம் வோல்ட்டைத் தின்னும். 60 மீட்டரில் 30 ஆம்பியர் ஓடினால் 19.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். மேலே 230 இருந்தாலும் கீழே வருவது 210தான். ஹீட்டரின் சூடு வோல்ட்டின் வர்க்கத்தோடு போகும், அதனால் 4,500 வாட் ஹீட்டர் 3,750 வாட்டாகச் சுருங்கிவிடும். தண்ணீர் சுடவில்லை என்று ஹீட்டரை மாற்றி 5,500 வாட் வாங்குகிறார்கள், கரண்ட் இன்னும் கூடுகிறது, வோல்ட் இன்னும் இறங்குகிறது. அதே தூரத்துக்கு 7/1.70, 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 5 வோல்ட்தான். வயர் மாற்றுவது செலவான வேலைதான், ஆனால் இந்த இடத்தில் குறுக்கு வழி கிடையாது. கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும்.

→ அயல் வீடுகளிலும் அப்படித்தான், ஆறரை தாண்டியதும்.

லைனில் வோல்ட் குறைவு. சட்டப்படி 230இல் 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது சுமார் 216இலிருந்து 244 வரை. மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கில் நாலைந்து நாள் நேரத்தோடு எழுதிவைத்து, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து முறைப்பாடு கொடுங்கள். "கரண்ட் காணாது" என்று ஒருவர் சொல்வதற்கும் பத்து வீட்டுக்காரர் தாளோடு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

→ சில லைட் மங்குது, சில லைட் வழமையைவிடப் பளிச்சென்று எரியுது.

வாசிப்பதை நிறுத்திவிட்டு மெயினை இறக்குங்கள். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், கழன்றிருக்கலாம். அப்போது வோல்ட் 300ஐயும் தாண்டலாம், டிவி பிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். 1987க்குச் சொல்லிவிட்டு அவர்கள் வரும்வரை தொடாதீர்கள்.

## அறிகுறி 5: ஒன்றுமே விழவில்லை, ஆனால் பிளக் சுடுகிறது, பிளாஸ்டிக் வாசனை வருகிறது

விழுகிற வீட்டைப் பார்த்து எனக்குப் பயமில்லை. விழாத வீட்டைப் பார்த்துத்தான் பயம்.

பழைய ரவுண்ட் பின் 5 ஆம்பியர் பிளக்கில் அடப்டர் மாட்டி கேத்தல். லயத்து வீடுகளில் அதிகம் பார்ப்பது. 2,000 வாட் கேத்தல் 8.7 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பிளக் அதற்கு ஆனதில்லை, முதலில் அடப்டர் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். சமைத்து முடித்து, சுவிச்சை நிறுத்திவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பின்னைப் பாருங்கள். கறுத்திருந்தால் அந்தப் பிளக்கை இனிப் பாவிக்கவே வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி. 13 ஆம்பியர் என்றால் எல்லா ஓட்டைக்கும் சேர்த்து 13, அதாவது சுமார் 3,000 வாட். கேத்தலும் ரைஸ் குக்கரும் சேர்ந்து 2,700. அயனும் சேர்ந்தால் 3,700.

பெரிய பிரேக்கர். தலவாக்கலையில் ஒரு வீட்டில் ஹீட்டர் லைனின் 20 ஆம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று யாரோ வந்து 32 போட்டுக் கொடுத்திருந்தார். எல்லோருக்கும் சந்தோஷம், விழவே இல்லை. ஹீட்டரை 5,500 வாட்டுக்கு மாற்றினார்கள், அது 23.9 ஆம்பியர். சுவருக்குள் இருந்தது 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர். நல்ல நிலையில் சுவர்மேல் குழாயில் போனாலே அந்த வயருக்கு 24 ஆம்பியர்தான் எல்லை, அங்கே பலகைத் தடுப்புக்குள்ளால் இன்னும் இரண்டு லைனோடு நெருக்கியடித்துப் போயிருந்தது. நான் சுவிச்சைக் கழற்றியபோது வயரின் மேலுறை விரலால் தொட உதிர்ந்தது, முறுக்குப் போல. பிரேக்கர் காப்பது வயரை. வயரை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கவே கூடாது. 5,500 வாட் ஹீட்டருக்குக் குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர், கொஞ்சம் தூரமென்றால் 6, அதுவும் டி.பி.யிலிருந்து தனி லைனாக.

பழைய ஃபியூஸ் கட்டை. பங்களாப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களில் இன்னும் இருக்கிறது. ஃபியூஸ் வயருக்குப் பதில் எக்ஸ்டென்ஷன் வயரிலிருந்து உரித்த செம்பு இழை மூன்று நாலு முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அது எரியாது, வீடுதான் எரியும்.

ஒரே மீட்டரில் இரண்டு வீடு. மகனுக்குக் கல்யாணம் முடிந்து பக்கத்தில் இரண்டு காம்பரா இறக்கி, அம்மா வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்திருப்பார்கள். குறை சொல்ல வரவில்லை, புது இணைப்பு எடுப்பது எவ்வளவு அலைச்சல் என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு குசினியும் ஒரே நேரத்தில்தான் சமைக்கும். அந்த நடு வயரின் அளவையும் அதற்கென்று ஒரு தனிப் பிரேக்கர் இருக்கிறதா என்பதையும் மட்டுமாவது ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அறிகுறியில் நீங்களே சரிசெய்யும் கட்டம் என்று ஒன்று இல்லை. வாசனை வந்தால் மெயினை இறக்கு, ஆளைக் கூப்பிடு, அவ்வளவுதான். என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள ஆளாகப் பாருங்கள்.

## அறிகுறி 6: மேல்மாடி எழுப்பிய பிறகு, அல்லது ரூம் வாடகைக்கு விட்ட பிறகு தொல்லை தொடங்கியது

இங்கேதான் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் தள்ளுபடி உண்டு. வயரிங்குக்கு நாங்கள் அடிப்படையாக எடுப்பது பிரிட்டனின் பி.எஸ். 7671 விதிகளை, அதோடு வரும் கைந்நூலின் தள்ளுபடி அட்டவணையை ஒட்டி நான் போடுவது இப்படி: லைட்டில் மொத்தத்தின் 66 சதவீதம். உடனடி ஷவர் ஹீட்டரில் பெரிய இரண்டும் முழுசாக, மற்றவை 25 சதவீதம். தானாக நிற்கும் தொட்டிக் கீசருக்குத் தள்ளுபடியே இல்லை. பிளக்கில் ஓடுபவற்றில் பெரியது முழுசாக, மற்றதெல்லாம் 40 சதவீதம்.

அதே ஆசிரியர் வீட்டை எடுத்தால், லைட் 126 வாட்டில் 83. ஹீட்டர் 4,500. கேத்தல் 2,000. மற்ற பிளக் சாமான், அதாவது அப்பாயி ஹீட்டர், மைக்ரோவேவ், அயன், குக்கர், மோட்டர், வாஷிங் மெஷின், பிரிட்ஜ், டிவி எல்லாம் 6,200, அதில் 40 சதவீதம் 2,480. கூட்டினால் 9,063 வாட், 39.4 ஆம்பியர். உள்ளது எல்லாவற்றையும் அப்படியே கூட்டினால் 12,826 வாட், 55.8 ஆம்பியர். 30 ஆம்பியர் இணைப்பில் அவர்கள் கவனமாக நேரம் பிரித்துத்தான் வாழ முடியும், அதுதான் கணக்குச் சொல்வது. இரண்டாவது பாத்ரூமுக்கு இன்னொரு ஷவர் ஹீட்டர் வந்தால் அந்தக் கவனமும் போதாது.

ஒரு எச்சரிக்கை. நுவரெலியாவில் ரூம் வாடகைக்கு விடுபவர்கள் அந்த 25 சதவீதத்தை நம்பக் கூடாது. ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து வரும் ஐந்து குடும்பமும் விக்டோரியா பார்க் பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் ரூமுக்கு வந்து ஒரே நேரத்தில் வெந்நீரைத் திறப்பார்கள். ஐந்து ஹீட்டர் என்றால் ஐந்தும் முழுசாகத்தான், 22,500 வாட். மூன்று பேஸ் 30 ஆம்பியர் இணைப்பின் முழுக் கொள்ளளவே 20,700.

→ மூன்று பேஸ் எடுத்தும் விழுகிறதா?

அப்படி ஒரு இடத்துக்குப் போனேன். மூன்று ஹீட்டர்தான், மொத்தக் கணக்கு நன்றாக உள்ளே அடங்குகிறது, ஆனாலும் விழுகிறது. பார்த்தால் பழைய சிங்கிள் பேஸ் வயரிங்கை அப்படியே ஒரு பேஸில் மாட்டிவிட்டு, புதிய மாடியை மட்டும் மற்ற இரண்டு பேஸில் போட்டிருந்தார்கள். கீழே இரண்டு ஹீட்டர் ஒரே பேஸில், 39 ஆம்பியர். மூன்றும் சேர்ந்து விழும் வகைப் பிரேக்கர் என்பதால் ஒரு பேஸ் தாண்டினாலும் முழு வீடும் இருட்டு. மீட்டரில் மொத்தம் குறைவாகத் தெரியும், அதனால் சொந்தக்காரர் மீட்டரில்தான் பிழை என்று அடித்துச் சொன்னார். ஒரு ஹீட்டரை ஆளில்லாத பேஸுக்கு மாற்றினேன், ஒன்றரை மணித்தியால வேலை. இதை நீங்கள் செய்யப் போகாதீர்கள், இரண்டு பேஸுக்கு இடையில் 400 வோல்ட் இருக்கிறது. எந்த ரூமில் எந்தச் சாமான், எத்தனை வாட், எத்தனை மணிக்கு விழுகிறது என்று ஒரு தாளில் எழுதி, வருகிற ஆளின் கையில் கொடுங்கள். அந்தத் தாள் இருந்தால் நான் பாதி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவேன், கூலியும் அதற்கேற்ற மாதிரித்தான் வாங்குவேன்.